இன், ஆன், அட்: ஆங்கிலத்தின் குட்டிச் சொற்களைப் பழகும் வழி

ஆங்கிலம் பழக ஆரம்பித்து மூன்று நான்கு மாதம் ஆனவர்களிடம் எது கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் டென்ஸ் என்பார்கள். டென்ஸ் கஷ்டம்தான், ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு, பொறுமையாக உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும். வருடக்கணக்கில் கூடவே வந்து, நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே காலை வாரிவிடுகிறவை வேறு: இன், ஆன், அட், டு, ஃபார், ஃப்ரம், பை, வித். பிரிபொசிஷன் என்று எல்லோரும் சொல்வது இவற்றைத்தான், தமிழில் முன்னிடைச்சொல் என்று எழுதுவார்கள். ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் நான் பார்த்தது, பட்டியலை மனப்பாடம் செய்தவர்களைவிட ஒரே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் சீக்கிரம் தேறினார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இந்தச் சொற்கள் செய்கிற வேலையை நாம் பேச ஆரம்பித்த நாளிலிருந்து சொல்லின் வாலில் ஒட்டிச் செய்துகொண்டிருக்கிறோம். வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து. பள்ளிக்கூடத்தில் வேற்றுமை உருபு என்று படித்தோமே, ஐ, ஆல், கு, இன், அது, கண், அந்தக் குடும்பம்தான். ஆங்கிலம் அதே வேலைக்கு ஒரு தனிச் சொல்லை எடுத்துப் பெயருக்கு முன்னால் வைக்கிறது. பின்னால் இருந்தது முன்னால் போகிறது, அது நாலு நாளில் பழகிவிடும். கணக்கு உதைப்பது எண்ணிக்கையில். நம்மிடம் ஒன்றாக இருப்பது அங்கே மூன்றாக, நான்காக உடைகிறது.

பையில் பேனா இருக்கிறது. சுவரில் படம் இருக்கிறது. வாசலில் ஆள் நிற்கிறார். மூன்றிலும் ஒரே 'இல்', நாம் யோசிப்பதே இல்லை. ஆங்கிலத்துக்குப் போனால் 'இன் த பேக்', 'ஆன் த வால்', 'அட் த டோர்'. 'இல்' என்றால் 'இன்' என்று மனதில் ஒட்டிக்கொண்டவர், ஓசையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் எல்லா இடத்திலும் 'இன்' போடுவார். அதனால் நான் சொல்லும் பழக்கம் இதுதான்: உருபை மொழிபெயர்க்காதீர்கள். நீங்கள் சொல்ல வரும் காட்சியை ஒரு நொடி கண்ணுக்குள் கொண்டுவாருங்கள், எந்தச் சொல் என்று அந்தப் படம் சொல்லும்.

இடம்: உள்ளே, ஒட்டி, புள்ளி

'இன்' என்றால் சுற்றி எல்லை இருக்கிறது, பொருள் அதற்குள் அடங்கியிருக்கிறது. பெட்டி, அறை, நகரம், நாடு, தண்ணீர், கூட்டம் எல்லாம் இதில் வரும். மழையும் வெயிலும்கூட அப்படித்தான், 'இன் த ரெய்ன்', 'இன் த சன்' என்பார்கள், மழை நம்மைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருக்கிறது அல்லவா.

'ஆன்' என்றால் ஒரு பரப்பு, அதன்மேல் ஒன்று ஒட்டியிருக்கிறது. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் 'ஆன்' என்றால் 'மேல்' என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அறையின் கூரையில் ஒரு ஈ தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கூரைக்குக் கீழேதான் இருக்கிறது, மேலே இல்லை. ஆனாலும் 'த ஃப்ளை இஸ் ஆன் த சீலிங்' என்றுதான் சொல்ல வேண்டும். கீழா மேலா என்பதை ஆங்கிலம் இங்கே பார்ப்பதில்லை, கால் பரப்பைத் தொடுகிறதா என்று மட்டும் பார்க்கிறது. விரலில் மோதிரம், முகத்தில் புன்னகை, திரையில் எழுத்து, புத்தகப் பக்கத்தில் படம், எல்லாமே 'ஆன்'.

இப்போது ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். சட்டையில் கறை இருக்கிறது, சட்டையில் ஓட்டையும் இருக்கிறது. தமிழில் இரண்டும் 'சட்டையில்'. ஆங்கிலத்தில் கறை 'ஆன் த ஷர்ட்', ஓட்டை 'இன் த ஷர்ட்'. கறை துணியின் பரப்பில் படிந்திருக்கிறது, ஓட்டை துணிக்குள்ளேயே விழுந்திருக்கிறது. சுவரும் இப்படித்தான், சுவரில் மாட்டிய படம் 'ஆன் த வால்', சுவரில் விழுந்த விரிசல் 'இன் த வால்'. இந்தச் சட்டையும் சுவரும் ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் இன், ஆன் குழப்பத்தில் பாதி தீர்ந்தது என்று தைரியமாகச் சொல்வேன்.

'அட்' கொஞ்சம் வேறு ரகம். அதற்கு உள்ளும் இல்லை, பரப்பும் இல்லை, வரைபடத்தில் விரலை வைத்து 'இங்கே' என்று காட்டுகிற புள்ளி அது. பஸ் ஸ்டாப், வாசல், வரிசையின் கடைசி, சாலை முனை. ஒரே இடத்துக்கு 'அட்'டும் வரும், 'இன்'னும் வரும், பார்வை மட்டும் மாறும். நண்பர் போனில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் 'ஐ ஆம் அட் த ஸ்டேஷன்' என்பீர்கள், அவருக்கு வேண்டியது நீங்கள் இருக்கும் புள்ளி. வெளியே மழை கொட்டுகிறது, நனையாமல் உள்ளே நிற்கிறேன் என்று சொல்ல வந்தால் 'ஐ ஆம் இன் த ஸ்டேஷன்'. அதேபோல 'அட் ஹோம்' என்றால் வீட்டில் இருக்கிறேன் என்ற நிலை, 'இன் த ஹவுஸ்' என்றால் தோட்டத்தில் இல்லை, கட்டடத்துக்குள் இருக்கிறேன்.

'கார்னர்' என்ற சொல்லில் இந்த மூன்றும் சேர்ந்து வருகின்றன. அறையின் மூலையில் நாற்காலி இருந்தால் 'இன் த கார்னர்', இரண்டு சுவர்கள் அதை அணைத்துக்கொண்டிருக்கின்றன. தெரு முனையில் நின்றால் 'அட் த கார்னர்', 'ஆன் த கார்னர்' இரண்டும் வழக்கில் உண்டு. 'இன் த கார்னர்' மட்டும் அங்கே சரிப்படாது, தெரு முனையில் நம்மை அணைக்கச் சுவர் கிடையாதே.

வண்டிகளைப் பற்றிக் கேட்காதவரே இல்லை. ஏன் 'இன் எ கார்' ஆனால் 'ஆன் எ பஸ்'? கைகொடுக்கும் கணக்கு ஒன்று உண்டு: எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டி என்றால் 'ஆன்'. பஸ், ரயில், விமானம், கப்பல் எல்லாம் இதில் அடக்கம். குனிந்து நுழைந்து உட்கார்ந்தால் அப்படியே இருக்க வேண்டிய கார், டாக்ஸி போன்றவற்றுக்கு 'இன்'. காலைப் போட்டு ஏறி உட்காருகிற சைக்கிள், மோட்டார் சைக்கிள், குதிரைக்கு மறுபடி 'ஆன்', அதற்குள்ளே போக வழியே இல்லை. ஏறுவதும் இறங்குவதும் அதற்கேற்ப மாறும்: 'கெட் ஆன் த பஸ்', 'கெட் ஆஃப் த பஸ்', ஆனால் 'கெட் இன் த கார்', 'கெட் அவுட் அவ் த கார்'. எந்த வண்டியில் வந்தாய் என்ற கேள்விக்குப் பொதுவாகப் பதில் சொல்லும்போது 'பை பஸ்', 'பை கார்', 'பை ட்ரெய்ன்'. நடுவில் 'மை' நுழைந்துவிட்டால் 'பை' செல்லாது, 'இன் மை கார்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். நடந்து வந்தால் 'பை வாக்' என்று சொல்லத் தோன்றும், அது தவறு. 'ஆன் ஃபுட்' என்று ஒரு தொடர் இருக்கிறது, அதைவிட எளிது 'ஐ வாக்ட்' என்று வினையிலேயே முடித்துவிடுவது.

போய்ச் சேருவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'அரைவ்' என்ற வினைக்கு 'டு' சேராது. ஊருக்கோ நாட்டுக்கோ போய்ச் சேர்ந்தால் 'அரைவ் இன்', கட்டடத்துக்கோ ஸ்டேஷனுக்கோ என்றால் 'அரைவ் அட்'. 'ரீச்' என்று சொன்னால் ஒன்றுமே வேண்டாம், 'ஐ ரீச்ட் த ஸ்டேஷன்'. வீட்டுக்குப் போகிறேன் என்பதற்கும் 'ஐ ஆம் கோயிங் ஹோம்', நடுவில் 'டு' கிடையாது.

சில இடங்களில் பிரிட்டிஷ்காரர்களும் அமெரிக்கர்களும் வேறு வேறாகச் சொல்வார்கள். வார இறுதியைப் பிரிட்டிஷ்காரர்கள் 'அட் த வீக்எண்ட்' என்றும் அமெரிக்கர்கள் 'ஆன் த வீக்எண்ட்' என்றும் சொல்லக் கேட்பீர்கள். தெருவுக்கு ஒருவர் 'இன் த ஸ்ட்ரீட்', இன்னொருவர் 'ஆன் த ஸ்ட்ரீட்'. இரண்டும் சரி. எதை அதிகம் கேட்கிறீர்களோ அதைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள்.

நேரம்: சின்னதிலிருந்து பெரியதுக்கு

நேரத்துக்கும் அதே மூன்று சொற்கள்தான், அதே படங்கள்தான். கடிகார முள் காட்டுகிற புள்ளிக்கு 'அட்', எனவே 'அட் ஃபைவ் ஓ க்ளாக்'. நாளுக்கு 'ஆன்', நாள்காட்டித் தாளில் ஒரு கட்டத்தின்மேல் விரல் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், 'ஆன் மண்டே'. மாதம், வருடம், பருவம் மாதிரி நாட்களை உள்ளே அடக்கிய பெரிய பெட்டிகளுக்கு 'இன்', 'இன் மார்ச்', 'இன் 2019'. காலை, மதியம், மாலை மூன்றுக்கும் 'இன் த மார்னிங்' என்ற வகையில் 'இன்' வரும், ஆனால் கிழமை சேர்ந்துவிட்டால் கிழமைதான் ஜெயிக்கும், 'ஆன் மண்டே மார்னிங்'. இரவு மட்டும் 'அட் நைட்'. ஏன் என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அது ஒட்டிப்போன தொடர், அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். 'நெக்ஸ்ட்', 'லாஸ்ட்', 'திஸ்', 'எவ்ரி' என்ற நாலு சொற்களில் ஒன்று முன்னால் வந்தால் பிரிபொசிஷனே தேவையில்லை. 'ஆன் நெக்ஸ்ட் மண்டே' என்று எழுதுகிறவர்கள் அந்த 'ஆன்'ஐ அடித்துவிடலாம்.

நேரத்தில் உண்மையான தொல்லை வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

ஒன்று, 'பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடுகிறேன்' என்பது. 'கழித்து' என்றதும் கை 'ஆஃப்டர்' பக்கம் போகும். இப்போதிலிருந்து எண்ணினால் ஆங்கிலத்தில் அதற்கு 'இன்': 'ஐ வில் கால் யூ இன் டென் மினிட்ஸ்'. பத்து நிமிடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் என்றால் 'விதின் டென் மினிட்ஸ்'. 'ஆஃப்டர்' நடந்த கதையைச் சொல்லும்போது நன்றாகப் பொருந்தும், 'ஆஃப்டர் டென் மினிட்ஸ் ஹி லெஃப்ட்', பத்து நிமிடம் கழித்து அவர் கிளம்பிவிட்டார்.

இரண்டு, 'பை' என்பதும் 'அன்டில்' என்பதும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு லேப்டாப் வேண்டும் என்று கேட்க நினைத்து 'ஐ நீட் எ லேப்டாப் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதி அனுப்பினேன். அன்றைக்கே லேப்டாப் வந்துவிட்டது, சந்தோஷமாக வேலையை ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் வந்து திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அவர்கள்மேல் குற்றமே இல்லை, நான் எழுதியதற்கு அர்த்தம் 'வெள்ளி வரைக்கும் வேண்டும்' என்பதுதான். தமிழில் '-க்குள்', 'வரை' என்று நாம் தெளிவாகப் பிரித்துத்தான் பேசுகிறோம், அதனால் இங்கே தமிழே உதவும். 'க்குள்' என்று வந்தால் 'பை', 'வரை' என்று வந்தால் 'அன்டில்'. 'ஃபினிஷ் இட் பை ஃப்ரைடே', வெள்ளிக்குள் முடி. 'வெயிட் அன்டில் ஃப்ரைடே', வெள்ளி வரை காத்திரு. கிழமைக்கு முன்னால் 'விதின்' போடுவதையும் விட்டுவிடுங்கள், 'விதின்' கால அளவோடு வரும், 'விதின் டூ டேஸ்' மாதிரி.

மூன்று, 'ஃபார்', 'சின்ஸ்'. மூன்று வருடமாக இங்கே வேலை செய்கிறேன் என்றால் 'ஐ ஹாவ் வர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்'. 2021-இலிருந்து வேலை செய்கிறேன் என்றால் 'சின்ஸ் 2021'. எவ்வளவு நேரம் என்ற அளவுக்கு 'ஃபார்', எந்தப் புள்ளியில் ஆரம்பித்தது என்பதற்கு 'சின்ஸ்'. 'இலிருந்து' என்று இருப்பதால் 'ஐ ஆம் வர்க்கிங் ஹியர் ஃப்ரம் 2021' என்று வந்துவிடும், மிகவும் பரவலான தவறு இது. வேலை இன்னும் தொடர்கிறது என்றால் 'சின்ஸ்' போடுங்கள், வினையையும் 'ஹாவ்' சேர்த்து மாற்றுங்கள். ஆரம்பமும் முடிவும் இரண்டும் தெரிந்தால்தான் 'ஃப்ரம்' வசதி, 'ஃப்ரம் நைன் டு ஃபைவ்'.

ஒரு 'கு', ஐந்து முகம்

'இல்' மூன்றாக உடைந்ததைப் பார்த்தோம். 'கு' இன்னும் மோசம். ஐந்து மணிக்கு வா, ஆபீசுக்குப் போ, உனக்காகவே இதை வாங்கினேன், அவள் நாய்க்குப் பயப்படுகிறாள், எனக்குத் தெரியும். ஐந்து வாக்கியம், ஐந்திலும் 'கு'. ஆங்கிலத்தில் வரிசையாக அட், டு, ஃபார், அவ், கடைசியில் ஒன்றுமே இல்லை: 'அட் ஃபைவ்', 'டு த ஆபீஸ்', 'ஃபார் யூ', 'அஃப்ரெய்ட் அவ் டாக்ஸ்', 'ஐ நோ'. உருபைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கே கொண்டுபோய் விடும் என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இவற்றில் 'டு', 'ஃபார்' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'டு' ஓர் அம்பு, புறப்பட்ட பொருள் போய்ச் சேருகிற இடத்தைக் காட்டும். 'ஃபார்' யாருக்கு நன்மை என்று காட்டும். 'ஐ ரோட் எ லெட்டர் டு மை கிராண்ட்மதர்' என்றால் கடிதம் பாட்டியிடம் போகிறது. 'ஐ ரோட் எ லெட்டர் ஃபார் மை கிராண்ட்மதர்' என்றால், பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக் கொடுத்தேன், கடிதம் வேறு யாருக்கோ போகிறது என்று புரிந்துகொள்ளலாம். ஒரே சொல் மாறியது, பாட்டி கடிதத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விட்டார்.

அம்பு என்றதும் இன்னொன்று. 'த்ரோ த பால் டு ஹிம்' என்றால் அவர் பிடிக்கட்டும் என்று போடுவது. 'த்ரோ த பால் அட் ஹிம்' என்றால் அவர்மேல் குறிவைத்து எறிவது. 'அட்' புள்ளி என்று சொன்னேனே, இங்கே அந்தப் புள்ளி இலக்காகிவிடுகிறது. 'ஷவுட் டு' தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கத்துவது, 'ஷவுட் அட்' கோபத்தில் அவர்மேல் பாய்வது. 'லுக் அட்', 'லாஃப் அட்', 'பாயிண்ட் அட்' எல்லாவற்றிலும் அந்தக் குறிவைக்கும் சாயல் இருக்கிறது.

'ஆல்' என்ற உருபையும் சட்டென்று பார்த்துவிடுவோம். கத்தியால் வெட்டினேன் என்றால் கையில் இருக்கும் கருவி, 'வித் எ நைஃப்'. அவரால் எழுதப்பட்டது என்றால் செய்தவர், 'ரிட்டன் பை ஹிம்'. காய்ச்சலால் வரவில்லை என்றால் காரணம், 'பிகாஸ் அவ் ஃபீவர்'. கருவி, ஆள், காரணம், இந்த மூன்றில் எது என்று கேட்டுக்கொண்டால் போதும்.

வினையும் அதன் துணையும்

படம் பார்க்கும் பழக்கம் இடத்துக்கும் நேரத்துக்கும் நன்றாக வேலை செய்யும். ஆனால் 'டிபெண்ட் ஆன்', 'பிலீவ் இன்', 'வெயிட் ஃபார்' போன்றவற்றில் படம் எப்போதும் தெரியாது. அங்கே வேறு வழி: அந்த வினையைத் தனியாகக் கற்றுக்கொள்ளாதீர்கள். நோட்டில் 'வெயிட் என்றால் காத்திரு' என்று எழுதாமல் 'வெயிட் ஃபார் த பஸ்' என்று முழுத் துண்டாக எழுதுங்கள். 'லிசன்' என்று எழுதாமல் 'லிசன் டு மீ'. நம் மொழியில் 'நான் சொல்வதைக் கேள்', 'என்னைப் பார்' என்று 'ஐ' போதும் என்பதால் 'லிசன் மீ', 'லுக் மீ' என்று வாயில் வந்துவிடுகிறது. பெயரடைக்கும் இப்படியே, 'குட் அட் மேத்ஸ்', 'இன்ட்ரஸ்டட் இன் மியூசிக்', 'ஆங்ரி வித் மீ', 'டிஃபரண்ட் ஃப்ரம் திஸ்'. கணக்கில் கெட்டிக்காரர் என்று நாம் சொல்வதால் 'குட் இன் மேத்ஸ்' வரும், 'அட்' என்று திருத்திக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் உண்டு. பிரிபொசிஷன் வேண்டாத இடத்தில் நாம் கொண்டுபோய் வைப்பது. அதைப் பற்றி விவாதித்தோம் என்பதால் 'டிஸ்கஸ்ட் அபவுட் இட்' என்கிறோம், 'டிஸ்கஸ்ட் இட்' போதும். உள்ளே நுழைந்தார் என்பதற்கு 'என்டர்ட் த ரூம்', 'இன்டு' வேண்டாம். டாக்டரிடம் கேட்டேன் என்பதற்கு 'ஆஸ்க்ட் த டாக்டர்'. அவரைக் கல்யாணம் செய்துகொண்டார் என்பதற்கு 'மேரீட் ஹிம்', 'வித்' கிடையாது, கல்யாணமான நிலையைச் சொன்னால் மட்டும் 'ஷி இஸ் மேரீட் டு ஹிம்'. 'டெல்', 'சே' இரண்டும் 'சொல்' என்றாலும் நடத்தை வேறு, 'ஹி டோல்ட் மீ' ஆனால் 'ஹி செட் டு மீ'. 'எக்ஸ்பிளெய்ன்' என்பதற்கு 'டு' கட்டாயம், 'எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ'. 'ரிக்வெஸ்ட்', 'ஆர்டர்' இரண்டும் வினையாக வரும்போது 'ஃபார்' கேட்காது. பெயராக வந்தால் கேட்கும், 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்'.

கேள்வியில் வால் மாதிரி கடைசியில் தொங்கும் பிரிபொசிஷனை மறப்பது இன்னொரு பழக்கம். எதைப் பார்க்கிறாய், எதற்காகக் காத்திருக்கிறாய், எந்த ஊரிலிருந்து வருகிறாய் என்று நாம் உருபைக் கேள்விச் சொல்லிலேயே ஒட்டிவிடுவதால் வாக்கியம் முடிந்ததும் கடன் தீர்ந்தது என்று நினைக்கிறோம். ஆங்கிலத்தில் கடைசியில்தான் அது வரும்: 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?', 'வாட் ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?', 'வேர் ஆர் யூ ஃப்ரம்?' பிரிபொசிஷனில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்று யாராவது சொல்லியிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம், பேச்சிலும் சாதாரண எழுத்திலும் இப்படித்தான் எல்லோரும் முடிக்கிறார்கள்.

அப்புறம், பிரிபொசிஷனுக்குப் பின்னால் வினை வந்தால் அது 'இங்' வடிவம் எடுக்கும். 'தேங்க் யூ ஃபார் கமிங்', 'குட் அட் ஸ்விம்மிங்', 'ஆஃப்டர் ஈட்டிங்'. ஆள் வந்தால் 'ஐ' இல்லாமல் 'மீ', 'ஹி' இல்லாமல் 'ஹிம்'. 'வித் மீ', 'பிட்வீன் யூ அண்ட் மீ'.

காதில் ஏன் விழுவதில்லை

ஆங்கிலப் படம் பார்க்கிறேன், செய்தி கேட்கிறேன், ஆனால் இந்தச் சொற்கள் மட்டும் காதில் விழவே மாட்டேன் என்கின்றன என்று நிறையப் பேர் சொல்வார்கள். குறை உங்கள் காதில் இல்லை. ஆங்கிலத்தில் முக்கியமான சொல்லை அழுத்திச் சொல்லி மற்றதை விழுங்கிவிடுவார்கள், விழுங்கப்படுவதில் முதலில் நிற்பவை பிரிபொசிஷன்கள். 'டு' என்பது வெறும் 'ட' ஆகிவிடும், 'ஃபார்' என்பது 'ஃப' ஆகிவிடும், 'அட்' பாதி காற்றிலேயே கரையும். 'வெயிட் ஃபார் மீ' என்பது 'வெய்ட்ஃபமீ' மாதிரி ஒரே மூச்சில் போகும். அதனால் தனிச் சொல்லாகத் தேடாமல், துண்டு முழுவதையும் ஒரே சொல்லாகக் கேட்கப் பழகுங்கள். நோட்டில் துண்டு துண்டாக எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

உச்சரிப்பில் ஒரே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். ஒன்றைவிட மற்றொன்றில் ஓர் எஃப் மட்டும் கூடுதலாக உள்ள இரண்டு சொற்களையும் நாம் 'ஆஃப்' என்றே படித்துவிடுகிறோம். ஓர் எஃப் உள்ள சொல் 'அவ்', 'எ கப் அவ் டீ' என்பதில் வருவது. இரண்டு எஃப் உள்ளதுதான் 'ஆஃப்', விலகுவதைக் காட்டுவது: 'ஹி ஃபெல் ஆஃப் த சேர்', நாற்காலியிலிருந்து விழுந்தார். தொட்டுக்கொண்டிருந்த பரப்பை விட்டு விலகினால் 'ஆஃப்', உள்ளே இருந்து வெளியே வந்தால் 'அவுட் அவ்', புறப்பட்ட இடத்தை மட்டும் சொன்னால் 'ஃப்ரம்'. 'ஆன்', 'இன்', 'அட்' மூன்றுக்கும் இப்படி ஒவ்வொரு எதிர்ச் சொல் இருப்பதைக் கவனித்தீர்களா? நான் இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமில்லை, அதுவரை தனித்தனியாக மனப்பாடம் செய்துகொண்டிருந்த ஆறு சொற்கள் மூன்று ஜோடிகளாக நின்றன.

மற்றவற்றில் 'ஓவர்', 'அபவ்', 'அண்டர்', 'பிலோ' பற்றி ஆரம்பத்தில் அலட்டிக்கொள்ள வேண்டாம், பெரும்பாலான இடங்களில் 'ஓவர்', 'அண்டர்' இரண்டை வைத்தே சமாளிக்கலாம். 'அக்ராஸ்', 'த்ரூ' மட்டும் தெரிந்திருக்கட்டும். பரப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனால் 'அக்ராஸ் த ரோட்', சுற்றிலும் ஏதாவது சூழ்ந்திருக்க அதன் ஊடே போனால் 'த்ரூ த டனல்'. மறுபடி ஆன், இன் வித்தியாசம்தான், நடக்க ஆரம்பித்திருக்கிறது.

தினமும் பதினைந்து நிமிடம்

பயிற்சிக்கு நான் சொல்வது மூன்று. உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்குப் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள், 'த கீஸ் ஆர் ஆன் த டேபிள்', 'த டேபிள் இஸ் இன் த கார்னர்', 'சம்ஒன் இஸ் அட் த டோர்'. பத்து வாக்கியம் போதும், ஆனால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மனதுக்குள் சொன்னால் நாக்கு பழகாது. அடுத்தது, உங்கள் நிலைக்கு ஏற்ற எளிய ஆங்கிலப் பத்தி ஒன்றை எடுத்து, அதில் உள்ள பிரிபொசிஷன்களை மட்டும் வெள்ளைத் திரவத்தாலோ சின்னக் காகிதத் துண்டாலோ மறைத்துவிட்டு மறுநாள் நிரப்பிப் பாருங்கள். தவறிய இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டு, அந்தத் துண்டை மட்டும் நோட்டில் ஏற்றுங்கள். ஒரு நாளைக்கு மூன்று துண்டுக்கு மேல் ஏற்ற வேண்டாம். இருபது எழுதி இரண்டைக்கூட ஞாபகம் வைக்காமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வாக்கியத்தை எடுத்து, பிரிபொசிஷனை மட்டும் மாற்றி, காட்சி எப்படி மாறுகிறது என்று தமிழில் சொல்லிப் பார்ப்பது. 'ஷி ஸ்வாம் டு த போட்', படகு வரை நீந்திப் போய்ச் சேர்ந்தாள். 'ஷி ஸ்வாம் ஃப்ரம் த போட்', படகிலிருந்து நீந்திப் போனாள். 'ஷி ஸ்வாம் அண்டர் த போட்', படகுக்கு அடியில் நீந்தினாள். 'ஷி ஸ்வாம் அரவுண்ட் த போட்', படகைச் சுற்றி நீந்தினாள். அவளும் படகும் தண்ணீரும் அப்படியே இருக்கின்றன, ஒரு குட்டிச் சொல் மாற மாற நாலு படம் கிடைக்கிறது. இன்றைக்கு உங்கள் வாக்கியத்தில் படகுக்குப் பதிலாகக் கதவை வைத்து ஆரம்பியுங்கள்: 'ஹி இஸ் அட் த டோர்' என்பதில் தொடங்கி 'பிஹைண்ட்', 'பிசைட்', 'நியர்' என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஆள் எங்கெங்கே நகர்கிறார் என்று ஒரு தாளில் வரைந்துகொண்டே வாருங்கள்.